மேஜையைத் தட்டினால் சொல்லும் விலாசம்

"எங்க?"

கேள்வியோடு கூடவே மேஜையில் டக்கென்று ஒரு தட்டு.

"நூலகத்துக்குப் பின் தெரு, பதினாலாம் நம்பர், ரெண்டாவது மாடி, பச்சைக் கதவு!"

"என்ன?"

"தீப்பிடிச்சிருக்கு!"

"யாரு பேசறது?"

"நான்தான்!"

"நான்தான் நான்தான்னு ஒரு நாளைக்கு நூறு பேர் எனக்கு போன் பண்றாங்க. பேரைச் சொல்லுடி."

எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிப் பெண் சிரித்துவிட்டாள். போலீஸ் ஏட்டம்மா சட்டைப் பையிலிருந்து மிட்டாய் ஒன்றை எடுத்து மேஜைமேல் உருட்டிவிட்டார். மற்ற மேஜைகளில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு வாய்த்த போலீஸ்காரர்கள் நல்ல நடத்தை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மிட்டாய் இந்த மேஜையில் மட்டும்தான்.

புதன்கிழமைதோறும் பள்ளி விட்ட பிறகு ஓவிய வகுப்பறையில் இது நடக்கும். 'வழி தவறக்கூடும்' என்று பள்ளி நினைக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு போலீஸ்காரரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். தலைமையாசிரியை அதற்குத் தோழமைத் திட்டம் என்று பெயர் வைத்திருந்தார். பிள்ளைகள் புதன்கிழமை ஜெயில் என்றார்கள். ஜன்னலை உடைத்தவன் ஒருவன், அண்ணன் சிறையில் இருப்பதால் சேர்க்கப்பட்டவன் ஒருவன். மிட்டாய் வாங்கிய இவள் அடிக்கடி மட்டம் போடுகிறாள், கேட்டால் எடுத்தெறிந்து பேசுகிறாள், ஒருத்தியின் மூக்கில் ரத்தம் வரக் குத்தியிருக்கிறாள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தல். அதனால் பள்ளி முழுக்க அவளுக்கு ஊசி என்றுதான் பெயர்.

ஏட்டம்மா இதற்காக யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் அவருக்கு அவசரப் போன் எடுக்கிற அறையில் வேலை. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினால் எட்டு மணி நேரம் கழற்ற முடியாது.

"ஒருத்தர் வீடு எரியுது. போன் பண்றார். 'அம்மா, இந்த வீட்டை நான் என்ன பாடுபட்டுக் கட்டினேன் தெரியுமா'ன்னு ஆரம்பிக்கிறார். மாமனார் கொடுத்த மனை, அதுல மச்சான் போட்ட சண்டை, எல்லாம் வந்தாச்சு. எங்க சார்னு கேட்டா, 'நம்ம வீட்லதாம்மா'ங்கறார்."

"அப்புறம்?"

"லைன் கட்டாயிடுச்சு. புகையைப் பார்த்துத் தேடிப் போனோம்."

"வீடு?"

ஏட்டம்மா மேஜையில் விரலால் ஒரு கோடு போட்டார். "அதான் முதல்ல இடம். மத்த கதையெல்லாம் அப்புறம். பயம் வந்தா மூளை ஓடிப் போயிடும் ஊசி. வாய் மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதனால வாயைப் பழக்கி வைக்கணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும்."

அதனால்தான் அந்தத் தட்டு. கணக்குப் பாடம் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், டக். தண்ணீர் குடிக்கும்போது, டக். யோசிக்காமல் சொன்னால் மிட்டாய். யோசித்தால் கிடையாது. ஊசி ஒரு மாதத்தில் மிட்டாய் தவறாமல் வாங்குகிறவளாகிவிட்டாள். பள்ளியில் ஏதோ ஒன்றில் அவள் முதலாவதாக வந்தது அதுதான்.

அந்த விலாசம் அவளுடையது அல்ல.

அது பெரியம்மாவின் வீடு. நூலகத்துப் பக்கம் குடியிருக்கிறவர்களின் பிள்ளைகளை மட்டும்தான் இந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள். ஊசியும் அம்மாவும் இருந்தது ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம், சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில். அந்தப் பக்கத்துப் பள்ளியில் வாத்தியார் வருகிற நாளைவிட வராத நாள் அதிகம். அதனால் பெரியம்மா கையெழுத்துப் போட்டு, 'என்னோடுதான் இருக்கிறாள்' என்று சேர்த்துவிட்டாள்.

"போலீஸ்கிட்டயே பொய் சொல்லிட்டு வரியா?" என்று தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அம்மா கேட்டாள். "உனக்குப் பயமே இல்லையாடி?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? ஸ்கூல்ல எதைக் கொடுத்திருக்கோமோ அதைத்தானே சொல்லணும்? மாத்திச் சொன்னா அன்னிக்கே வெளிய போன்னு சொல்லிடுவாங்க."

"அதுக்கு மிட்டாய் வேற."

"நீ வேணும்னா பாதி சாப்பிடு."

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகிவிட்டது. துணியிலிருந்து பறக்கிற தூசு அவளுக்கு ஆகாது. தைக்காமல் இருந்தால் வயிற்றுக்கு ஆகாது. இழுப்பு அதிகமான நாட்களில் ஊசி பள்ளிக்குப் போகமாட்டாள். அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுநாள் டீச்சர் கேட்டால் சொல்லவும் முடியாது. எந்த வீட்டில் எந்த அம்மா என்று அடுத்த கேள்வி வரும். அதனால், "வரப் பிடிக்கலை, வரலை" என்று விடுவாள். எடுத்தெறிந்த பேச்சு என்று அவர்கள் எழுதிக்கொண்டது அதைத்தான்.

ஒரு புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது.

"வா, உன்னை வீட்டுல விட்டுட்டுப் போறேன். குடை இருக்கு."

"வேண்டாம்க்கா. ஓடிடுவேன்."

"நூலகத்துக்குப் பின்னாடிதானே? என் வழிதான்."

குடைக்குள் ஏட்டம்மாவின் தோளோடு தோள் உரச நடந்தாள் ஊசி. பதினாலாம் நம்பர் வாசலில் நின்று, "சரிக்கா, போய்ட்டு வாங்க" என்றாள். ஏட்டம்மா போகவில்லை. "மேல போய்க் கதவு திறக்கிறதைப் பார்த்துட்டுப் போறேன். பழக்கம்" என்றார்.

ஊசி மாடியேறிப் பச்சைக் கதவைத் தட்டினாள். திறந்த பெரியம்மாவின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"நீ எங்கடி இங்க? அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. உள்ள விடுங்க. கீழ போலீஸ் நிக்குது."

பெரியம்மா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் திரை ஓரமாக நின்று, குடை தெருமுனை திரும்புகிற வரை பார்த்தார்கள்.

"அடியே, என் உசுரே போயிடுச்சு. கையெழுத்துப் போட்டவ நான். பிடிச்சா என்னைத்தான் பிடிப்பாங்க, உன்னையா பிடிப்பாங்க?"

"இந்த அக்கா நல்லவங்க பெரியம்மா."

"நல்லவங்களுக்கும் சம்பளம் அரசாங்கம்தான் கொடுக்குது. இதைக் கேட்டுக்கோ. என்னிக்காவது எவனாவது யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு வந்து 'பொண்ணு இருக்கா'ன்னு கேட்டா, நான் என்ன சொல்வேன் தெரியுமா? 'இங்கதான் இருக்கா, குளிக்கிறா'ன்னு சொல்வேன். குளிக்கிற பொம்பளைப் பிள்ளையை யாரும் வெளிய கூப்பிட மாட்டான்."

"தினமும் குளிச்சுக்கிட்டே இருப்பேனா?"

"வாயைப் பாரு. உனக்கு ஊசின்னு பேர் வச்சவன் தப்பா வைக்கலை."

மழை விட்டதும் ரயில் கேட்டைத் தாண்டி ஓடியபோது, ஏட்டம்மாவிடம் சொல்லிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த புதன்கிழமை சொல்லலாம். அடுத்த புதன்கிழமை வந்தது. டக் என்றது மேஜை. வாய் தானாகச் சொன்னது. மிட்டாய் உருண்டு வந்தது.

அது நடந்தது சனிக்கிழமை மத்தியானம்.

அம்மாவுக்குக் காலையிலிருந்தே இழுப்பு. பள்ளிச் சீருடைகள் ஒரு மூட்டை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "இந்தக் கை மட்டும் வச்சுடறேன்" என்று சொல்லிச் சொல்லித் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் திடீரென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால், அம்மா இரண்டு கையையும் மிஷின் பலகையில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பம்ப் எங்கம்மா?"

அம்மா பலகை ஓரத்தைக் காட்டினாள். ஊசி அந்த இழுப்பு மருந்துக் குப்பியை எடுத்து உலுக்கினாள். லேசாக இருந்தது. அம்மாவின் வாயில் வைத்து அமுக்கினாள். புஸ்ஸென்று வெறும் சத்தம்.

"வேற இருக்கா?"

அம்மா தலையை ஆட்டினாள். இல்லை.

"வாங்கிட்டேன்னு சொன்னியே!"

அம்மா மூச்சுக்கு வாயைத் திறந்தாள். உதட்டோரம் நிறம் மாறியிருந்தது.

ஊசி போனை எடுத்து அவசர எண்ணைப் போட்டாள். குரல் நடுங்கவில்லை. ஒரு ஆண் குரல், "அவசர உதவி, எங்கேயிருந்து பேசறீங்க?" என்றது.

"நூலகத்துக்குப் பின் தெரு, பதினாலாம் நம்பர், ரெண்டாவது மாடி, பச்சைக் கதவு. அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பம்ப் தீர்ந்துடுச்சு. நான் அவங்க பொண்ணு."

"நல்லாச் சொன்னேம்மா. வண்டி கிளம்பிடுச்சு. கதவைத் திறந்து வை."

போனை வைத்தபோது, ஏட்டம்மா கேட்டிருந்தால் இரண்டு மிட்டாய் கொடுத்திருப்பார் என்றுகூட அவள் நினைத்தாள். கதவைத் திறந்து வைத்தாள். அம்மாவின் முதுகைத் தடவினாள். "வண்டி வருதும்மா. கிளம்பிடுச்சாம். இதோ வந்துடும்."

அம்மா கண்ணால் ஏதோ கேட்டாள். ஊசிக்குப் புரியவில்லை.

சைரன் கேட்டது. ஊசி ஜன்னலுக்கு ஓடினாள். சத்தம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிப் பக்கம் வந்தது. இன்னும் கொஞ்சம் வலுத்தது. கேட்டை நோக்கித் திரும்பும் என்று பார்த்தாள். திரும்பவில்லை. நூலகத்துப் பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, என்ன சொல்லியிருக்கிறோம் என்று.

பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்ப அவசர எண்ணைப் போட்டாள். அதே ஆண் குரல்.

"அண்ணா, வண்டி தப்பா போயிடுச்சு..."

"நீதானா? இப்பதான் வண்டிகூடப் போன ரோந்து போலீஸ்காரர் சொன்னார். பச்சைக் கதவைத் தட்டியிருக்கார். அந்தப் பொண்ணு குளிக்குது, எல்லாரும் நல்லா இருக்கோம்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. விளையாட இந்த நம்பர்தான் கிடைச்சுதா?"

"விளையாடலை அண்ணா! சத்தியமா விளையாடலை!"

"வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டாச்சு. உன்னை மாதிரிப் பசங்களால நிஜமா சாகக் கிடக்கிறவங்களுக்கு..."

"எங்க அம்மாதான் சாகக் கிடக்கிறாங்க!"

அவள் கத்தியது அவருடைய காதையும் தாண்டி அந்த அறையில் கேட்டிருக்க வேண்டும். ஏதோ நாற்காலி நகர்ந்தது. "இந்தக் குரல் எனக்குத் தெரியும், இங்க கொடுங்க" என்று யாரோ சொன்னார்கள். பிறகு ஏட்டம்மாவின் குரல், மிக அருகில்.

"ஊசி. நான்தான். எங்க?"

"நூலகத்துக்குப் பின் தெரு, பதினாலாம்..."

வாய் போய்க்கொண்டே இருந்தது. ஊசி தன் கையால் தன் வாயைப் பொத்தினாள்.

"அங்க போய்ப் பார்த்தாச்சும்மா. நீ இப்ப எங்க இருக்கே?"

"அது எங்க வீடு இல்லைக்கா. பெரியம்மா வீடு. ஸ்கூலுக்காகக் கொடுத்தது. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன், எல்லா புதன்கிழமையும் பொய்தான் சொன்னேன், பெரியம்மாவைப் பிடிச்சுடாதீங்க, அவங்க..."

"கதை அப்புறம். இடம்."

அந்த இடத்தை அவள் யாரிடமும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

"ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம்..."

"எந்தப் பக்கம்? கேட்டைத் தாண்டினா வலதா, இடதா?"

"இடது. சைக்கிள் கடை மாடி."

"கதவு நம்பர்?"

"தெரியலைக்கா." ஊசிக்கு அழுகை வெடித்தது. "எங்க வீட்டு நம்பர் எனக்குத் தெரியலை."

"பரவாயில்லை. அழாதே. கடை வாசல்ல என்ன இருக்கும்?"

"பழைய டயரு. குவிச்சு வச்சிருப்பார்."

"போதும். டயர் இருக்கிற சைக்கிள் கடைன்னு சொல்லிட்டேன். வண்டி பாதி வழியிலதான் இருக்கு, திருப்பறாங்க. இப்ப அம்மாவைப் பாரு. படுக்க வச்சிருக்கியா?"

"இல்லை. உக்காந்திருக்காங்க."

"அப்படியே இருக்கட்டும். முன்னாடி சாய்ஞ்சு, கையை ஊன்றிக்கட்டும். கழுத்துல இறுக்கமா இருக்கிறதை எல்லாம் தளர்த்து. துணி மூட்டையை மூஞ்சிக்குக் கிட்டயிருந்து நகர்த்து. நகர்த்திட்டியா? கீழ கடையில ஆள் இருக்காரா?"

ஊசி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள். "பஞ்சர் அண்ணா! பஞ்சர் அண்ணா!"

கடைக்காரர் கையில் டியூபோடு வெளியே வந்து அண்ணாந்தார். "என்ன பாப்பா, ஊரைக் கூட்டறே?"

"அம்மாவுக்கு மூச்சு வரலை! வண்டி வருது, கேட்டுக்கிட்ட போய் நில்லுங்க!"

டியூபைப் போட்டுவிட்டு அவர் ஓடினார். அவர் கேட்டை அடைவதற்கும் கேட்டில் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. சிவப்பு வெள்ளைக் கம்பி மெதுவாக இறங்கத் தொடங்கியது.

"அக்கா, கேட் சாத்தறாங்க."

ஏட்டம்மாவின் குரல் போனை விட்டுத் தள்ளிப் போனது. பின்னால் யாரிடமோ, "கேட் போடறாங்க, வண்டியில ஆக்சிஜனைக் கையில எடுத்துக்கிட்டு இறங்கச் சொல்லு" என்றார். பிறகு, "ஊசி, அம்மாகூடப் பேசிக்கிட்டே இரு. நான் லைன்லதான் இருக்கேன்" என்றார்.

"என்ன பேச?"

"எதையாவது. திட்டு வேணும்னாலும்."

ஊசி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் முன் மண்டியிட்டாள். "பம்ப் வாங்கிட்டேன்னு பொய் சொன்னே இல்லை? நான் போலீஸ்கிட்ட பொய் சொன்னா மட்டும் பயமே இல்லையான்னு கேப்பே. என்னைப் பாரும்மா. கண்ணை மூடாதே. மூடினா நான் திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போகமாட்டேன். என்னிக்குமே போகமாட்டேன்."

அம்மாவின் கண் இமை மேலே போனது, பாதி மட்டும்.

ஜன்னல் வழியே பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வண்டி வந்து நின்றது. கேட்காரர் எதையோ கத்தினார். பஞ்சர் அண்ணன் கம்பிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். திரும்பிவந்தபோது ஆக்சிஜன் சிலிண்டர் அவர் தோளில் இருந்தது, பையோடு ஒரு பெண்ணும் ஆணும் அவர் பின்னால் ஓடிவந்தார்கள். அவர்கள் தண்டவாளத்தைத் தாண்டி முடிப்பதற்கும் ரயில் வந்து எல்லாவற்றையும் மறைப்பதற்கும் இடையில் ஊசி மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

படியில் காலடிச் சத்தம். கதவு திறந்தேதான் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியம்மா செருப்பில்லாமல் நின்றாள்.

"யூனிஃபார்மைப் பார்த்ததும் என் மூளை நின்னு போச்சுடி. அந்த ஆள் வாயைத் திறக்கிறதுக்குள்ள 'இங்கதான் இருக்கா, குளிக்கிறா'ன்னுட்டேன். மூச்சுன்னு அவன் என்னமோ சொன்னான், காதுல ஏறலை. கதவைச் சாத்தின பிறகுதான் உறைச்சது. கீழ ஓடினேன், வண்டி போயிடுச்சு. போனை எடுக்கணும்னுகூடத் தோணலை. தங்கச்சி வீட்டுக்கே ஓடினேன். அங்க கதவு திறந்து கிடக்கு, ஒரு ஆள் இல்லை. கேட்காரர்தான் ஆஸ்பத்திரின்னு சொன்னார்."

"நானும்தான் பெரியம்மா."

"நீ என்ன?"

"நானும் அப்படித்தான் சொல்லிட்டேன். தானா வந்துடுச்சு."

இருவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே அம்மாவின் முகத்தில் மூடி மாட்டியிருந்தார்கள். டாக்டர் வந்து, "இப்போதைக்கு மூச்சு சீராகுது. இன்னிக்கு ராத்திரி தாண்டணும். இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொல்லாமல் விட்டதைத்தான் ஊசி மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து யூனிஃபார்மோடு ஏட்டம்மா வந்தார். ஊசி அவரை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெரியம்மா இரண்டு அடி பின்னால் போனாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"மூச்சு விடறாங்க."

ஏட்டம்மா பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "வாயைப் பழக்கணும்னு சொன்னேன்" என்றார். "எதைப் பழக்கறேன்னு நான் பார்க்கலை. மழை நாள்ல கதவு திறக்கிறதைப் பார்த்ததும் சரின்னு போயிட்டேன்."

"ஸ்கூல்ல சொல்லிடுவீங்களாக்கா?"

"நான் சொல்லாட்டியும் தெரிஞ்சுடும். நீ பேசினது எல்லாம் பதிவாகியிருக்கு. ரோந்துக்காரர் வந்து போனதும் எழுதியிருக்கு. மறைக்க முடியாது."

"வெளிய அனுப்பிடுவாங்களா?"

"தெரியலை. திங்கட்கிழமை நானும் வரேன். நீ ஏன் மட்டம் போட்டேன்னு இப்பதான் எனக்கே தெரியுது, அதையும் சொல்றேன். கேப்பாங்களா மாட்டாங்களா, அது தெரியாது."

பெரியம்மா மெல்லக் கேட்டாள். "என்னைப் பிடிச்சுட்டுப் போவீங்களா?"

"உங்களைக் கூட்டிட்டுப் போய்ட்டா, கதவைத் தட்டறவங்ககிட்ட 'குளிக்கிறா'ன்னு யாரு சொல்றது?"

பெரியம்மாவுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குமாஸ்தா கூப்பிட்டார். "மூச்சுத் திணறல் கேஸ்கூட வந்தவங்க யாரு? பதிவு போடணும்."

நான்கு பேரும் போனார்கள், வண்டியிலேயே கூட வந்திருந்த பஞ்சர் அண்ணன் உட்பட. அவர் தோளில் சிலிண்டர் அழுத்திய தடம் இன்னும் சட்டையில் தெரிந்தது.

குமாஸ்தா பேனாவை எடுத்துக் காகிதத்தைச் சரிசெய்ய, அதன் அடிப்பக்கத்தை மேஜையில் தட்டினார். டக்.

"விலாசம்?"

ஊசியின் வாய் திறந்தது. பக்கத்தில் பெரியம்மாவின் வாயும் திறந்தது. ஏட்டம்மா இருவரையும் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி வாயை மூடினாள். எச்சிலை விழுங்கினாள். யோசித்தாள்.

"ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம்," என்றாள் மெதுவாக. "இடது பக்கம். சைக்கிள் கடை மாடி."

"நம்பர் இல்லாம எப்படிம்மா எழுதறது?"

ஊசி பஞ்சர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கு பாப்பா. டயருக்குப் பின்னாடி மறைஞ்சு கிடக்கு" என்றார் அவர். "முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணு" என்று ஊசி குமாஸ்தாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அது சரிதானா என்பதுபோல ஏட்டம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். யூனிஃபார்ம் சட்டை, அதில் மிட்டாய் இல்லை.